உப்பில்லாத ஒரு வேளைச் சோறு

ஓடைப்பட்டி
17.8.2008

அன்பு மகள் பவானிக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. வடகோடிக் கடலில் உனக்கும் உன் கப்பலுக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் துணை இருக்கட்டும். நான் நலம். அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

நீ கப்பலிலிருந்து போன் செய்தால் ரிசீவரைப் பிடுங்கி, நல்லாச் சாப்பிடுறேன் ஆத்தா என்று சொல்லிவிட்டு என்னை முறைக்கிறாள். அதனால்தான் கடிதம். கப்பல் துறைமுகம் வரும்போது உன்னிடம் கொடுப்பார்களாமே.

சித்திரையில் நீ புறப்பட்ட அன்றே நேர்ந்துகொண்டாளாம். மகள் கப்பல் வேலை முடிந்து கரையிறங்கும் வரை ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் உப்பில்லாத சோறு. ஆடியில் நீ திரும்பிவிடுவாய், அதோடு முடிந்துவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். நீயோ பனிக்காலத்தையும் பார்த்துவிட்டுத் தையில் வருகிறேன் என்று எழுதிவிட்டாய். அவள் விரதமும் தைக்குப் போய்விட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்குத்தான் பொருந்தும். உன் கடிதத்தைப் பெருமையோடு சத்தமாக வாசித்தேன். அரிசிக் குருணை அளவு உயிர்கள், பனி உருகும் ஓரத்தில் பாசி தழைக்கிற இடமாகப் பார்த்துக் கூடித் தின்று கொழுக்கும், பிறகு ஆழத்தில் இறங்கி ஆறு மாதம் தின்னாமல் கிடக்கும், எந்த ஆழத்தில் எத்தனை இருக்கிறது, வயிற்றில் என்ன இருக்கிறது என்று வலை போட்டுப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தாயே. உன் அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பூச்சியே ஆறு மாசம் திங்காமக் கெடக்கு, நான் ஒரு வேளை தின்னு இருக்க மாட்டேனா என்கிறாள். கொழுப்புச் சேராமல் இறங்கியவை மேலே திரும்புவதில்லை என்றும் நீ எழுதியிருந்தாய். அதை வாசிக்கும்போது எழுந்து போய்விட்டாள்.

பூ நேரத்தில் மழை பெய்து பன்னீர் திராட்சை பாதி கொட்டிவிட்டது. அது போகட்டும். போன வெள்ளிக்கிழமை பந்தலுக்கடியில் அம்மா விழுந்துவிட்டாள். வேலைக்கு வரும் மொக்கம்மாள்தான், ஆத்தா பேச்சு மூச்சில்லாமக் கெடக்காக என்று கத்திக்கொண்டு வந்தாள். சர்க்கரை மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் தவறாமல் போட்டிருக்கிறாள். இன்னொரு முறை இப்படி ஆனால் பிழைப்பது கஷ்டம் என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார். பொங்கல் வைத்து விரதத்தை முடித்துக்கொள்ளலாம், அம்மன் கோபிக்க மாட்டாள் என்று பூசாரியும் சொல்லிப் பார்த்தார். பிள்ளை ஐஸ் தண்ணி மேல நிக்கிறா, நான் பாதியில விடவா என்று அவரையே கேட்டுவிட்டாள்.

உன்னை வரச் சொல்லவில்லை. எடுத்த வேலையை முடி. அடுத்த போனில், கப்பல் வேலை முடிந்தது, கரைக்கு வந்துவிட்டேன், தை வரை இங்கே கட்டடத்துக்குள்தான் வேலை என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடு. இன்ஜின் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துப் பேசு. பொய் சொன்னால் பிரம்பெடுத்தவன்தான் கேட்கிறேன்.

அன்றைக்கே உன் அம்மா உப்புப் போட்டுச் சாப்பிடுவாள். தை வரை உனக்காகப் பயப்படுகிற வேலையை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ தீர்க்காயுசோடு இருக்க வேண்டும், மகளே.

உன் அப்பா,
சுந்தரலிங்கம்