ஆளுக்கு எத்தனை பார்சல்

டிசம்பர் 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மலைப்பக்கம் ஒரே மூட்டம். துணி எதுவும் காயலை. பாபுவோட பள்ளிக்கூட டவுசரை இஸ்திரிப் பெட்டியிலயே காய வெச்சேன். கொஞ்சம் கருகிப்போச்சு. உள்பக்கம்தான், தெரியாது.

சர்ச்சில் அறிவிப்பு. கிறிஸ்மஸ் மர விழா 22ந்தேதி சாயங்காலம் அஞ்சு மணி. பிள்ளைகளுக்கான பரிசெல்லாம் 18க்குள்ள லில்லி டீச்சர்கிட்ட ரகசியமாக் கொடுத்துடணும். மேல பிள்ளை பேரு, கீழ கொடுக்கறவங்க பேரு. வருஷா வருஷம் இதேதான். சவுக்கு மரத்தடியில குவிச்சு வெச்சு, தாத்தா வேஷம் போட்டவரு ஒண்ணொண்ணா எடுக்க, டீச்சர் மைக்கில வாசிப்பாங்க. "பாபு, அன்புடன் அப்பா." "பாபு, அன்புடன் அம்மா." பேரு வந்த பிள்ளை எந்திரிச்சுப் போய் வாங்கிட்டு வரும். யாருக்கு எத்தனை தடவை பேரு வருதுன்னு அத்தனை பிள்ளைகளும் விரல் விட்டு எண்ணும்.

போன வருஷம் வரைக்கும் இதெல்லாம் ராணி பொறுப்பு. ஆளுக்கு ரெண்டு. அப்பா பேருல என்ன கொடுத்திருக்குன்னு பிள்ளைக பிரிக்கறப்பத்தான் எனக்கே தெரியும். வெட்கக்கேடு.

இந்த வருஷம் ராணி இங்க இல்லை. மார்ச்ல சவுதி போனா. ஒரு வீட்டுல படுத்த படுக்கையாக் கிடக்கற வயசான அம்மாவைப் பார்த்துக்கற வேலை. மாசம் ரெண்டு லெட்டர் வந்துட்டிருந்தது. செப்டம்பர்ல பேசி அனுப்பின கேசட் ஒண்ணு. அக்டோபர் முதல் வாரம் ஒரு லெட்டர். அதோட சரி. ரெண்டு மாசமா ஒண்ணுமில்லை.

திரும்பி நடந்து வரப்ப ஜெசி: "அம்மா பேர்லயும் வருமாப்பா?"

"வரும் கண்ணு."

சொல்லிப்போட்டேன். வாய் முந்திருச்சு.

டிச. 9, திங்கள்

பட்டறைக்கு லீவு. ஆர்டர் இல்லைன்னு வாரத்துல மூணு நாள்தான் லேத் ஓடுது.

STD பூத். சவுதி நம்பர். மணி அடிச்சுட்டே இருந்து, யாரோ ஆம்பளை எடுத்தான். நான் "ராணி, ராணி"ங்கறேன். அவன் அவன் பாஷையில ஏதோ கோவமாச் சொல்லி வெச்சுட்டான். மறுபடி போட்டா எடுக்கலை. பூத்துல இருந்த அம்மிணி, "லைன் சரியில்லையோ என்னமோங்க, நாளைக்குப் பாருங்க"ன்னுச்சு. லைன் நல்லாத்தான் இருந்தது. அவன் மூச்சு விடறது கூடக் கேட்டுச்சு.

வீட்டுக்கு வந்து பருப்பை அடுப்புல மறந்துட்டேன். அடி பிடிச்சுப்போச்சு.

டிச. 10, செவ்வாய்

ரோசனை பண்ணிப் பண்ணி மண்டை காயுது. எழுதியே பார்த்துடலாம்.

ஆளுக்கு ஒண்ணு, அப்பா பேருல: அம்மா மறந்துட்டான்னு பிள்ளைக நினைக்கும். சபையும் நினைக்கும்.
ஆளுக்கு ஒண்ணு, அம்மா பேருல: என்னைப் பத்தி என்ன நினைச்சா என்ன. ஆனா பாபு அழுவான். "அப்பா எனக்கு ஒண்ணும் கொடுக்கலை."
ஆளுக்கு ரெண்டு: கையில இருக்கறதுக்கு ஆளுக்கு ஒண்ணுதான் உருப்படியா வாங்க முடியும். ரெண்டாவதுன்னா பத்துப் பைசா பலூன்தான்.

பாபுவுக்கு (ஒண்ணாங்கிளாஸ்) ஷூ வாங்கியே ஆகணும். பொங்கலுக்கப்புறம் கறுப்பு ஷூ இல்லாம உள்ளே விட மாட்டாங்களாம். ஜெசிக்கு (அஞ்சாங்கிளாஸ்) சுடிதார். கேட்கலை. எதுவுமே கேட்கறதில்லை அவ, அதுதான் கஷ்டம். எதிர்வீட்டுப் புள்ளை சுடிதார் போட்டுட்டுப் போறப்ப ஜன்னல்ல நின்னு பார்க்கறா.

பாபு கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு நாடா இழுத்துப்போச்சு. ராணி குரல் ஆம்பளை குரல் மாதிரி வருது. அவன் பாட்டுக்குக் கேட்டுட்டு இருக்கான்.

டிச. 13, வெள்ளி

விடிஞ்சதும், பாபு தூங்கறப்பவே காலை நூல் வெச்சு அளந்தேன். குதிகால்ல ஒரு முடிச்சு, கட்டை விரல்ல ஒரு முடிச்சு. கூச்சம் தாங்காம உதைச்சான்.

டவுனுக்குப் போனேன். ஒப்பணக்கார வீதியில தள்ளுமுள்ளு. கடைக்காரர் நூலைப் பார்த்துட்டு, "ஏனுங்க, பையனைக் கூட்டியார வேண்டியதுதானுங்களே?"

"கிறிஸ்மஸ் நோம்பிக்குங்க. தெரியக்கூடாது."

சிரிச்சுட்டு ஒரு சைஸ் பெருசாக் கொடுத்தாரு. வளர்ற காலு. கறுப்பு, லேஸ் வெச்சது. மணம் நல்லா இருந்தது. பஸ்ல மூடியைத் திறந்து திறந்து மோந்து பார்த்துட்டே வந்தேன், கிறுக்கன் மாதிரி.

சுடிதார்: மாம்பழக் கலர் டாப்ஸ், பச்சை பேண்ட். ஜெசி உசரம் சொல்லத் தெரியலை, என் மார்ல கை வெச்சுக் காட்டினேன்.

தபால்காரர் கண்டுக்காம சைக்கிள்ல தாண்டிப் போயிட்டார்.

டிச. 14, சனி

லேத்துல பைப்பைக் கடைஞ்சுட்டு இருக்கறப்ப திடீர்னு தோணுச்சு. ஷூ ரெண்டு. சுடிதார்லயும் மேல ஒண்ணு கீழ ஒண்ணு. பிரிச்சுக் கட்டினா ஆளுக்கு ரெண்டு பார்சல் ஆச்சே. ஒண்ணு அப்பா, ஒண்ணு அம்மா. வாங்கிட்டு வந்து வீட்டுல சேர்த்து வெச்சா ஜோடி.

பக்கத்து லேத் பழனிச்சாமிகிட்டச் சொன்னேன். மிஷினை நிறுத்திட்டு என்னையவே பார்த்தான். "ஒத்தை ஷூவை மட்டும் யாருங்ணா அனுப்புவாங்க? சவுதிலிருந்து?"

"ரெண்டு பேரும் பேசி வெச்சு ஜோடி சேர்த்துருக்கோம்னு சொல்லிக்குவேன்."

"என்னமோ செய்யுங்ணா. எங்கூட்டுல இந்த வம்பே இல்லை. தீவாளிக்கு ஆளுக்கு ஒரு சட்டை, ஒரு வேட்டுப் பெட்டி. முடிஞ்சுது சோலி."

அவனுக்குச் சிரிப்பு. எனக்கு இதை விட்டா வேற வழியில்லை.

டிச. 16, திங்கள்

பிள்ளைக பள்ளிக்கூடம் போனதும் கதவைச் சாத்திட்டு கட்டினேன். கலர் காயிதம், கோந்து. நாலு பார்சல்.

பாபு: வலது ஷூ அம்மா, இடது ஷூ அப்பா. வலது கால் எடுத்து வெச்சுத்தானே வீட்டுக்குள்ள வரணும், அது அவ பேருல இருக்கட்டும்.
ஜெசி: டாப்ஸ் அம்மா, பேண்ட் அப்பா.

"அம்மா"ன்னு எழுதறதுக்குத்தான் நேரமாச்சு. ராணி அ போட்டா சுழி பெருசா வரும். பழைய லெட்டரை முன்னாடி வெச்சு எழுதி எழுதிப் பழகினேன். நோட்டுல ஒரு பக்கம் முழுக்க அம்மா அம்மா அம்மா. அப்புறம் அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டேன். அழுதேன். யாரும் பார்க்கலை. ராணி, ஒரு வரி எழுதக்கூடாதா. உசுரோட இருக்கேன்னு மட்டும் எழுதினாப் போதாதா.

அரிசி ஊற வைக்கணும்.

டிச. 18, புதன்

லில்லி டீச்சர்கிட்ட நாலையும் கொடுத்தாச்சு. லேபிளைப் பார்த்ததும் அவங்க முகம் மலர்ந்துபோச்சு. "ராணி சவுதிலிருந்து தாட்டி விட்டுருச்சா? பரவாயில்லையே, ஞாபகம் வெச்சிருக்குதே."

"ஆமாங்க டீச்சர்."

சர்ச்சுக்குள்ள நின்னுட்டுப் பொய்.

பாபு நடுவீட்டுல ஒத்திகை. ஜெசி பேரு கூப்பிடணும், இவன் நடந்து வந்து தாத்தாவுக்குக் கை கொடுத்து, "தேங்க்யூ" சொல்லிட்டு, திரும்பிப் போய் உட்காரணும். ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை எப்பவுமே ஓடறான்.

டிச. 20, வெள்ளி

தபால்காரரை நானே மறிச்சுக் கேட்டேன். கட்டு பூரா கிறிஸ்மஸ் கார்டு. "உங்களுக்கு இல்லீங்க சார். வந்தா நான் ஊட்டுக்கே கொண்டாந்து தருவேன், நீங்க வெயில்ல நிக்காதீங்க."

அவளை அனுப்பி வெச்ச ஏஜென்ட் ஆபீஸ் பூட்டிக் கிடக்குது. பக்கத்து டீக்கடைல, "பதினஞ்சு நாளாச்சுங்க தொறந்து"ன்னாங்க.

மூணு நாளாச் சாப்பாடு இறங்கலை. பிள்ளைகளுக்குத் தெரியாம என் தட்டுச் சோத்தைப் பாபு தட்டுல தள்ளி விடறேன். ஜெசி பார்த்துட்டா.

டிச. 23, திங்கள், காலை

நேத்து எழுத முடியலை.

சர்ச் நிறைஞ்சு இருந்தது. நாங்க மூணாவது பெஞ்சு. பாபு தலைக்கு எண்ணெய் வழிய வழிய. பாட்டெல்லாம் முடிஞ்சு சர்ச் ஐயர் மைக்கைப் பிடிச்சாரு. பிள்ளைகளுக்குள்ள வித்தியாசம் வேண்டாம்னு கமிட்டி முடிவாம். ஒரு பிள்ளை பேரு எட்டுத் தடவை வருது, ஒரு பிள்ளை பேரு ஒரே தடவை வருது, சின்ன மனசு நோவுது. அதனால இந்த வருஷம் ஆளுக்கு ஒரே பரிசு. மிச்சத்தை எல்லாம் முந்தின நாளே வேன்ல அன்னூர்ப் பக்கம் இருக்கற அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு அனுப்பியாச்சு. "பெற்றோர்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வீர்கள் என்று விசுவாசிக்கிறேன்."

எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். என்னை மாதிரி ஆளுகளுக்காகப் போட்ட ரூல் அது. யாரைக் குத்தம் சொல்ல.

"பாபு, அன்புடன் அம்மா." அவன் ஒழுங்கா நடந்து போனான். கை கொடுத்தான். பெஞ்சுக்கு வந்து அங்கேயே பிரிச்சான். வலது ஷூ. பெட்டிக்குள்ள கையை விட்டுத் துழாவினான். காயிதத்தை உதறினான். முன்பெஞ்சுப் பிள்ளைக திரும்பிப் பார்த்துச் சிரிக்குது. "டேய், ஒத்தை ஷூடா."

எனக்கு அங்கேயே செத்துடலாம் போல இருந்தது.

பாபு அழலை. ஷூவைக் கால்ல மாட்டி, சித்த நேரம் ரோசனை பண்ணி, என் காதுகிட்ட வந்து, "இன்னொண்ணு அம்மாகிட்ட இருக்குது. வர்றப்பக் கொண்டுட்டு வருவாங்க. ரெண்டையும் அனுப்பிட்டா ஒண்ணு தொலைஞ்சு போயிருமில்ல, அதான்."

அப்புறம் பெஞ்சு பூரா அதையே சொல்லிட்டு இருந்தான். "எங்கம்மா வாராங்க."

ஜெசிக்கு டாப்ஸ். பிரிச்சுப் பார்த்து, மடிச்சு, மடியில வெச்சுக்கிட்டா. லேபிளை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தா.

வெளிய வரப்ப லில்லி டீச்சர் என் கையைப் பிடிச்சுட்டு, "தாய் அனுப்பினது பிள்ளைக்குப் போகட்டும்னு நாந்தான் அம்மா பார்சலை எடுத்து வெச்சேன். உங்களுது வண்டியில போயிருச்சு. வருத்தப்படாதீங்க." நல்ல மனுஷி.

டிச. 24, செவ்வாய்

ரெண்டு பஸ் மாறி அன்னூர் விடுதி. வார்டன் அம்மா, "ஒத்தை ஷூதானுங்களே? யாரோ தப்பாக் கட்டிப்போட்டாங்கன்னு அப்பவே எடுத்து வெச்சுட்டேன்"ன்னு காயிதத்தோட கொடுத்தாங்க. பச்சை பேண்ட்டை ஒரு புள்ளைக்குக் கொடுத்தாச்சாம். வாசல்ல அந்தப் பேண்ட்டைப் போட்டுட்டு ஒரு புள்ளை தாயம் ஆடிட்டு இருந்தது. கேட்க மனசு வரலை.

திரும்பி வர பஸ்ல ஷூ மடியில. இப்ப இதை என்ன பண்றது. கொடுத்தா ஜோடி சேர்ந்துரும். பள்ளிக்கூடத்துக்கும் ஆகும். ஆனா இது ஏது, எப்படி வந்ததுன்னு கேட்பான். அம்மா வந்துட்டாங்களான்னு கேட்பான். இல்லைன்னா, அப்ப அம்மா வர மாட்டாங்களான்னு கேட்பான்.

மஞ்சப்பையில போட்டு பீரோ மேல தள்ளி வெச்சுட்டேன். வேற புத்தி வரலை.

தபால் இல்லை.

வாங்க வேண்டியது: வெல்லம், ஏலக்காய், ஜெசிக்கு ரிப்பன் (மறந்துட்டேன்).

டிச. 25, புதன்

வெயில். நல்ல வெயில்.

பாபு வலது கால்ல ஷூ, இடது கால்ல ரப்பர் செருப்பு. ரெண்டுலயும் செருப்பே போட்டுக்கடான்னா கேட்கலை. "வழியில அம்மா வந்துட்டாங்கன்னா?"

ஜெசி புது டாப்ஸும் பள்ளிக்கூடப் பாவாடையும். நல்லாத்தான் இருந்தது. நான் சமையக்கட்டுல காபி ஆத்திட்டு இருந்தேன். வந்து பக்கத்துல நின்னா.

"பழைய ரிப்பன் தேடி பீரோ மேல ஏறினேன்ப்பா. மஞ்சப்பையைப் பார்த்தேன்."

நான் காபியையே ஆத்திட்டு இருந்தேன்.

"அவன்கிட்டச் சொல்லலை. நீங்களும் கொடுத்துராதீங்கப்பா."

"ஏங்கண்ணு?"

"இன்னொண்ணு வர்ற வரைக்கும் அம்மா வருவாங்கன்னு இருப்பான்."

நீ எப்படி இருக்கேன்னு அவளைக் கேட்டிருக்கணும். அவ டம்ளரை வாங்கிட்டுப் போயிட்டா.

சர்ச்சுல முதல் மணி அடிச்சாச்சு. பாபு வாசல்ல நிக்கறான், வலது காலை முன்னாடி வெச்சுட்டு.