கொசினே என்றால் சமைத்தேன்

ஸ்ரீவில்லிபுத்தூர்
ஞாயிறு மதியம்

மகனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. காலையில் போனில் நன்றாகத்தான் இருந்தாய்.

மெக்சிகோவில் பிறந்து தமிழ் தெரியாமல் வளரும் உன் மகளோடு நாலு வார்த்தை பேசத்தான் ஸ்பானிஷ் படித்தேன். ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியில் ஸ்பானிஷ் பேசும் நாடுகளுக்கு ஏற்றுமதி பார்க்கிற பக்கத்து வீட்டு ஹெப்சிபா சொல்லித் தந்தாள். கொசினே என்றால் சமைத்தேன், கொசினாஸ்தே சமைத்தாய், கொசினோ சமைத்தாள். நம் தமிழைப் போலவே வால்தான் மாறுகிறது. அஞ்சாப்பு படித்த எனக்கு ஒரு தப்பு வரவில்லை.

காலையில் நீ அந்தப் பக்கம் நகர்ந்ததும் போனை எடுத்த பேத்தி, "அப்பாவுக்கு நீ சமைத்தாயா?" என்று ஸ்பானிஷில் கேட்டாள். பெருமையாக "கொசினே" என்றேன். அவள் உள்ளே திரும்பி ஏதோ கத்தினாள். நீ ஓடிவந்து போனை அணைத்தாய்.

பக்கத்திலிருந்த ஹெப்சிபாவுக்கு முகம் வாடிவிட்டது.

"ஏட்டி, பிள்ள என்ன சொல்லிச்சு?"

"விடுங்க ஆச்சி."

"மறைக்காம சொல்லு."

"'ஊருல வீட்டு வேல பாத்தான்னு அப்பா சொன்னாருல்ல, அந்தச் சமையக்காரி பேசுது'ன்னு அவுக அம்மாகிட்ட கத்திச்சு ஆச்சி."

எந்த வீட்டு அடுப்படிக்கும் நான் கூலிக்குப் போனதில்லை. உனக்குப் பொங்கிப் போட்டதை நீதான் கூலி வேலை ஆக்கிவிட்டாய்.

இனி போன் போடாதே. பிள்ளை கேட்டால், அந்தச் சமையல்காரி வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்று சொல்.

உன்னைப் பெற்றவள்