மிராசு வீட்டு அலங்காரம்

நேற்று பூதலூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் நூலைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்திருந்தேன். நூலில் ஒட்டியிருந்த பவுடர் நாக்கில் கசந்தது. நாற்காலியில் இருந்தவள் பள்ளிக்கூடத்து டீச்சர். ஒரு புருவம் முடிவதற்குள் அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"முன்னாடி ஒரு அக்கா வருவாங்க. அவங்க எடுத்தா எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கும். இப்ப அவங்க வர்றதில்லையா?" என்றாள்.

"இறந்துட்டாங்க" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது புருவத்துக்கு வந்த கண்ணீரா, உனக்கு வந்த கண்ணீரா என்று தெரியவில்லை. உனக்குத்தான் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது.

நாலே நாள் டெங்கு காய்ச்சலில் நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இன்னும் பூதலூரை என்னால் பிடிக்க முடியவில்லை. உயிரோடு இருக்கிறவளோடு போட்டி போடலாம். அவள் ஒரு நாள் தாமதமாக வருவாள், ஒரு நாள் கை தவறும், ஒரு நாள் முகத்தைக் காட்டுவாள். செத்தவளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. இந்த ஊர்ப் பெண்கள் வாயில் உன் கை வரவர இன்னும் மென்மையாகிக்கொண்டே போகிறது.

வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்து இறங்கிய சமயத்தில்தான் நாம் இந்தத் தொழிலைப் படித்தோம். திருக்காட்டுப்பள்ளியில் மூன்று மாத அழகுக் கலைப் பயிற்சி. கரை வேட்டி கட்டிய கட்சிக்காரர் ஒருவர் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, பெண்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். அதுவரை நம்மை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நீ என் காதில், "இப்பவே கால் வலிக்குதுடி" என்றாய். அப்படித்தான் பழக்கமானோம்.

பயிற்சியில் ஒருத்தி முகத்தில் இன்னொருத்தி பழக வேண்டும். நீ எடுத்த என் புருவத்தை எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் எடுத்த உன் இடது புருவத்தில் நடுவில் ஒரு சந்து விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ கண்ணாடியில் பார்த்துவிட்டு, "விடுடி, வயல்ல ரெண்டு குத்து நாத்து நடாம விட்ட மாதிரி இருக்கு. முளைச்சிரும்" என்று சிரித்தாய். மற்றவர்களும் உன்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அன்றைக்குத்தான் முதல் முதலாக உன்மேல் பொறாமைப்பட்டேன். உன் கைக்காக மட்டும் இல்லை. என் தப்பில்கூட நல்ல பெயர் உனக்கே போனதே, அதற்காக.

பார்லர் வைக்க இரண்டு பேருக்கும் வசதி இல்லை. வீடு தேடிப் போவது என்று முடிவு செய்தோம். உன் வீட்டுக்காரர் உனக்கென்று ஒரு பழைய மொபெட் வாங்கிக் கொடுத்தார். என் வீட்டுக்காரரோ, "ஊரான் மூஞ்சியத் தொடைக்கப் போறதுக்கு வண்டி வேறயா?" என்றார். நீ ஓட்ட, நான் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, வாய்க்கால் கரைகளில் ஊர் ஊராகப் போனோம். முதலில் போன மூன்று வீடுகளில் ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக் கார்டை எடுத்து நீட்டினார்கள். நாலாவது ஒரு பாய் வீடு. அந்த அக்காவின் புருஷன் சவுதியில் இருந்தார். பார்லருக்கெல்லாம் போகிற வழக்கம் அந்த அக்காவுக்கு இல்லை. "வீட்டுக்கே வருவீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுக் கதவை விரியத் திறந்தார். அந்தத் தெருவே நமக்கு வாடிக்கையானது அவரால்தான்.

அந்தத் தெருவில் ஒரு பெரியம்மாவின் பாத வெடிப்பைப் பார்த்து நான் முகம் சுளித்தேன். நீ தரையில் உட்கார்ந்து அவர் காலை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். வெளியே வந்ததும், "காலு காலுதாண்டி. சேறு போனா எல்லாம் ஒரே கலரு" என்றாய். அடுத்த முறை அந்தப் பெரியம்மா உன் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பினார். கூட வந்த எனக்கும் டீ கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூட வந்தவளாகவே எத்தனை நாள் இருப்பது? ஒரு வருஷத்தில் நான் தனி வண்டி, தனிப் பை என்று பிரிந்துவிட்டேன். நீ ஏன் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இப்போது மிராசு வீட்டுச் சங்கதிக்கு வருகிறேன். இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

அந்த வீட்டுக்கும் உன் அப்பாவுக்கும் வாய்க்கால்மேட்டு எட்டு மா நிலத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. உன் தாத்தா காலத்திலிருந்து உன் வீட்டார் குத்தகைக்கு உழுத நிலம். குத்தகைப் பதிவு இருக்கிறது, விட மாட்டேன் என்று உன் அப்பாவும், வெளியேறு என்று அவர்களும் வாய்தா வாய்தாவாக நின்றார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்தான் ஒரு சிநேகிதி கல்யாணத்தில் உன் அலங்காரத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் இந்த அக்காதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நீ பூதலூரில் வாழப்போனவள். நீ இன்னார் மகள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

உனக்கு வந்த முதல் பெரிய கல்யாணம் அது. அதை ஒழுங்காக முடித்தால் தஞ்சாவூர் வரைக்கும் உன் பெயர் போகும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "கேஸு அப்பாவோடது. கல்யாணம் அந்தப் பொண்ணோடது. அது என்னடி பண்ணுச்சு? முடிஞ்சப்புறம் அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று நீ சொன்னது என் ஒருத்தியிடம் மட்டும்தான்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் அத்தைக்குத் தலைக்குச் சாயம் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சாயம் காயும்வரை பேச்சுக் கொடுத்தார். "பூதலூர்க்காரிதான் வேணும்னு பிடிவாதம் பண்றா. உன்னோட படிச்சவதானே? நல்ல இடந்தானா?"

நல்ல கை என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். "வாய்க்கால்மேட்டு நிலத்துக்கு உங்க மேல கேஸு போட்டிருக்காரே, அவரு மகதாங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். அந்தத் தெரியாதா இருக்கிறதே, அதில்தான் என் விஷம் முழுவதும் இருந்தது.

மூன்றாம் நாள் அந்த வேலை எனக்கு வந்தது. நான் நினைத்தது அவ்வளவுதான். மற்றது நான் நினைக்காதது. அவர்கள் வீட்டுக் காரியஸ்தர் டீக்கடையில் எல்லார் முன்னாலும் உன் அப்பாவிடம், "உன் மக எங்க வீட்டுப் பொண்ணு காலப் புடிச்சு நகம் வெட்ட வரேன்னுச்சாமே. நீ மட்டும் ஏன்யா கோர்ட்டு வாசல்ல நிக்கிற?" என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா அப்படியே பஸ் ஏறிப் பூதலூர் வந்தார். உன் வாசலில் நின்றார். நீ கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. திரும்பிப் போனார். அதற்கப்புறம் இரண்டு பொங்கலுக்கு உனக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை. அக்கம்பக்கத்து வாசலிலெல்லாம் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்து சாய்ந்திருக்க, உன் வாசலில் கோலம் மட்டும் இருந்ததை நான் வண்டியில் போகும்போது பார்த்தேன். நிறுத்தாமல் போய்விட்டேன்.

பறித்த வேலையையாவது ஒழுங்காகச் செய்தேனா? கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மணப்பெண்ணுக்கு பிளீச் போட்டேன். அன்று காலையில்தான் நலங்கு வைத்து, ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு கை என்று மஞ்சளும் பயத்தமாவும் வைத்து அவள் முகத்தைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். நீ எந்த வீட்டுக்குப் போனாலும் பையைத் திறக்கும் முன்னால், "இன்னைக்கு முகத்துக்கு என்ன பூசுனீங்க?" என்று கேட்பாய். எனக்கு மிராசு வீட்டுக்குள் நுழைந்த பெருமையில் கேட்கத் தோன்றவில்லை. ஐந்து நிமிஷத்தில் அந்தப் பெண் முகம் திட்டுத் திட்டாகச் சிவந்து, "எரியுதுக்கா, எரியுதுக்கா" என்று கத்தினாள்.

கொல்லைப் பக்கம் ஓடிப்போய் யாருக்குப் போன் போட்டேன்? உனக்குத்தான். எனக்கு வேறு யாரைத் தெரியும்?

"பதறாத. முதல்ல எல்லாத்தையும் கழுவு. பச்சத் தண்ணிய ஊத்திக்கிட்டே இரு. சோப்புப் போடாத. ஐஸு இருந்தா துணியில சுத்தி வை, நேரா வைக்காத. கல்யாணம் வரைக்கும் முகத்துல எதையும் பூச விடாத. அடங்கிரும்" என்றாய். எந்த வீடு என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீ சொன்ன மாதிரியே அடங்கியது. மேடையில் அந்தப் பெண் அழகாகத்தான் இருந்தாள். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். பாராட்டு ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை.

மூன்றாவது பொங்கலுக்கு உன் அப்பா மனம் இறங்கிக் கரும்போடு வந்தார். நீயும் நானும் பழையபடி கல்யாண மண்டபங்களில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் டிபன் பாக்ஸைத் திறந்து, "புளிச்சோறா, குடு" என்று கை விட்டுச் சாப்பிட்டாய். உனக்கு ஒன்றும் தெரியாது என்றே பதினோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். திருடினவள் நான் என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு மிராசு வீட்டுப் பெண் திருச்சியிலிருந்து வந்திருந்தாள். உன் அப்பா இருந்த கூடத்துக்குள்ளே அவள் வந்து உட்கார்ந்தாள். யாரும் தடுக்கவில்லை. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அப்பா வேண்டாம்னு சொன்னதும் நான் அக்காவுக்குப் போன் பண்ணி அழுதேன். யாரு போட்டுக் குடுத்தாங்கன்னும் சொன்னேன். அவளான்னு ஒரே ஒரு தரம் கேட்டாங்க. அப்புறம், அவளையே கூப்பிட்டுக்கோம்மா, நல்லா பண்ணுவான்னு சொன்னாங்க. அதனாலதான் உங்கள வரச் சொன்னேன்" என்றாள்.

அடிப்பாவி. தெரிந்துகொண்டா என் டிபன் பாக்ஸில் கை விட்டாய்? கொல்லைப் பக்கத்திலிருந்து நான் போன் போட்டபோது எந்த வீடு என்று தெரிந்துகொண்டா ஐஸைத் துணியில் சுற்றச் சொன்னாய்? ஒரு தரம் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டி, அழுது, உன் அப்பா காலில் விழுந்து தீர்த்திருப்பேன். அதற்கு இடம் கொடுக்காமல் போய்விட்டாய். நான் பறித்தேன் என்று நினைத்திருந்த வேலைகூட நீ போட்ட பிச்சையாக ஆகிவிட்டது. உன் கைமேல் பொறாமைப்பட்டபோது ஒரு சமாதானம் இருந்தது, கை பழகினால் வரும் என்று. இது எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் செங்கிப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் கேட்டார்கள். புதிதாக ஒரு சின்னப் பெண் ஸ்கூட்டரில் வீடு வீடாக வருகிறாளாம், வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடலாமா, எப்படிச் செய்வாள் என்று. அவளை எனக்குத் தெரியும். என்னுடைய இரண்டு தெருவை அவள் ஏற்கெனவே பிடித்துவிட்டாள். அவளைப் பற்றி ஒரு சங்கதியும் தெரியும், நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். பிறகு, "நல்லா பண்ணுவா, கூப்பிடுங்க" என்றேன்.

சொல்லிவிட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தேன். நல்லது செய்தவளுக்கு மனசு குளிரும் என்பார்கள். எனக்கு வீடு வந்து சேரும்வரை வயிறு எரிந்தது. இரவு சோறு இறங்கவில்லை. உனக்கும் அன்றைக்கு அப்படி எரிந்ததா? எரிந்தது என்று மட்டும் தெரிந்தால் போதும் எனக்கு.