ஐந்தடி எட்டங்குலம்

தார்வாட்,
4-2-2009

மாலதேஷ்,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்று எழுதுகிறேன்.

பேடகி மிளகாய்க் கிடங்குத் தீயில் கிடைத்த உடலுக்குக் கைகால் மிஞ்சவில்லை. காணாமல் போனவர்கள் இரண்டு பேர்: மூட்டை தூக்கும் குள்ளன் ஈரப்பா, நெட்டைத் தரகன் குருபாதப்பா. பல் டாக்டர் என்று போலீஸ் என்னிடம் மேல்தாடையைக் கொடுத்தது. ஆறு முன்பற்களின் அகலத்தை அளந்து, நாம் இருவரும் கல்லூரியில் கண்டுபிடித்த சூத்திரத்தில் போட்டேன். ஆளின் உயரம் ஐந்தடி எட்டங்குலம் என்று வந்தது. தரகன் வீட்டார் வாங்கிப் புதைத்தார்கள்.

போன வாரம் அந்தத் தரகன் கோவாவில் உயிரோடு பிடிபட்டான். இப்போது போலீஸ் ஐந்தடி எட்டங்குலத்தில் மூன்றாவது ஆளைத் தேடுகிறது!

ஈரப்பாவின் மனைவி ரேணவ்வா எட்டு மாதமாக வந்து நிற்கிறாள். "எவளோடயோ ஓடிட்டாருன்னு குழாயடியில சிரிக்கறாங்க டாக்டரம்மா. அவருக்கு எடது கோரைப்பல்லு ஏறியிருக்கும், பாருங்கம்மா" என்றாள். ஏறித்தான் இருந்தது. சூத்திரம் பொய் சொல்லாது என்று விரட்டினேன்.

அந்தச் சூத்திரத்துக்கு இருநூறு மாணவர்களில் நாம் அளந்தது அறுபத்திரண்டு பேரை. மீதிப் பேரின் அளவுகளைக் கேன்டீனில் கிர்மிட் பொரி தின்றபடி நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெரிய பல்லுக்குப் பெரிய ஆள். நம்பும்படி இருக்க நாலு பேரை மட்டும் மாற்றிப் போட்டோம். பத்து வருடத்தில் அந்தப் பொய்யை நானே நம்பிவிட்டேன். நீதிமன்றத்துக்கு எழுதப்போகிறேன். நீயும் கையெழுத்துப் போடு.

அன்னபூர்ணா

மங்களூர்,
11-2-2009

அன்புள்ள அன்னபூர்ணா,

இங்கே இப்போதே வெயில் கொளுத்துகிறது. சங்கராந்திக்கு நீ அனுப்பிய பேடாவுக்கு வீட்டில் சுமா நன்றி சொல்லச் சொன்னாள்.

எவன்தான் இருநூறு பேரை அளக்கிறான்? சூத்திரம் என்றால் முன்னே பின்னே இருக்கும். அதை அறிக்கையில் எழுதாதது உன் தப்பு. அடுத்த மாதம் எனக்குக் கல்லூரி முதல்வர் பதவிக்கு நேர்காணல். ஈரப்பாவாகவும் இருக்கலாம் என்று போலீஸிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடு. செத்தவன் இனி வளரவா போகிறான்? அந்தப் பழைய அளவுப் பதிவேட்டைக் கிழித்துப் போடு.

என்றும் உன் நண்பன்,
மாலதேஷ்

தார்வாட்,
16-2-2009

மாலதேஷ்,

உன் கடிதத்தைப் பதிவேட்டோடு சேர்த்து நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டேன். வேலையையும் விட்டாயிற்று.

நேற்று ரேணவ்வா வீட்டுக்குப் போனேன். உன் புருஷன் ஓடவில்லை, கிடங்கில் எரிந்துதான் போனான், நான்தான் தப்பாக எழுதினேன் என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்தது, மாலதேஷ். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"ஏய் கங்கவ்வா, கேட்டியாடி? அவரு ஓடிப்போகலையாம்! எரிஞ்சுதான் செத்தாராம்! டாக்டரம்மாவே வந்து சொல்றாங்க!"

வீடு வீடாக நிறுத்தி என்னைச் சொல்லவைத்தாள். நானும் சொன்னேன். ஏழாவது வீட்டு வாசலில்தான் அவளுக்கு அழுகை வந்தது.

நீ இனி எழுதாதே.

அன்னபூர்ணா