வரப்பில் பவுடரோடு

பூதலூர்
15.9.2024

அன்புள்ள ஆஷ்லின்,

நான் நலம். நீயும் படம் பெரிதாக்கும் உன் என்லார்ஜரும் குன்னூர்க் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கடிதத்தைப் பார்சலின் மேலேயே ஒட்டியிருக்கிறேன். ஆர்வக்கோளாறில் உள்ளே இருக்கும் கறுப்புப் பெட்டியை வெளிச்சத்தில் திறந்து தொலைக்காதே. எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அதற்குள் இருக்கிறார்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ போடும் 'ம்' சம்மதமா கொட்டாவியா என்று காலேஜில் பழகிய நாள் முதல் எனக்கு விளங்கியதில்லை.

இங்கே குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது, பிலிம் கழுவ ஆகாது. கேமரா எனக்கு, டார்க் ரூம் உனக்கு என்று நாம் பாகம் பிரித்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

சம்பா நடவு ஓடிக்கொண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் எங்கள் மூன்று மா வயலுக்கு வரச் சொன்னேன். அந்த நிலத்தில் அம்மா இருபது வருஷம் கூலிக்கு நட்டாள். போன வருஷம்தான் அது எங்கள் பெயருக்கு வந்தது. பெரிய பெட்டிக் கேமராவை வரப்பில் நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தேன். அம்மாவும் உள்ளே நுழைந்து பின்கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஏன் பாப்பா, மாரிக்கண்ணு தலைகீழா நிக்கிறாளே! இதுக்கா இத்தாம்பெரிய பொட்டியத் தூக்கிட்டு அலையுறே?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு போகஸ் பண்ணுவதற்குள் மேகம் வந்துவிட்டது.

இன்னொரு கூத்தும் நடந்தது. எல்லோரும் தீபாவளிச் சேலை கட்டி, முகம் நிறையப் பவுடர் அப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்குப் பகீரென்றது. பம்புசெட்டில் முகம் கழுவ வைத்தேன். வீட்டுக்குத் திருப்பி அனுப்பி, நடவுக்குப் போகும்போது சேலைமேல் போடுவார்களே ஆம்பளைச் சட்டை, அதைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். முணுமுணுத்தார்கள், ஆனாலும் செய்தார்கள். அசையாமல் நின்றார்கள் பார், கோயில் தூண்கூட அப்படி நிற்காது.

நம் ஆட்களை நாமே எடுக்கிறோம், ஆஷ்லின். ஒரு படம்கூடப் பொய்யாக இருக்கக் கூடாது. பார்த்துப் போடு.

அன்புடன்,
எழில்மொழி


குன்னூர்
2.10.2024

என் அன்பு எழில்,

கர்த்தர் உன்னையும் உன் வாயையும் காப்பாராக. பெட்டியை இருட்டில்தான் திறந்தேன். ஒரு பிலிம் ஷீட் தவிர எல்லாம் பிழைத்துவிட்டன. அந்த ஒன்றில் மாரிக்கண்ணு அத்தையும் ஒரு தென்னைமரமும் ஒரே ஆளாக நிற்கிறார்கள். எடுத்த ஷீட்டிலேயே இன்னொரு தடவை எடுத்திருக்கிறாய். கழுதை.

மற்றவை அபாரம். இரண்டு மூன்று பிரிண்ட் போட்டுச் சென்னைக் கேலரிக்கு அனுப்பினேன். நேற்று கேலரி நடத்தும் அம்மாவே கூப்பிட்டார். ஜனவரியில் கண்காட்சி! 'சேற்று முகங்கள்' என்று தலைப்புகூட வைத்துவிட்டார். படம் எழில்மொழி, பிரிண்ட் ஆஷ்லின் என்று இரண்டு பேர் பெயரும் வரும். நன்றாகப் போனால் கேலரியின் பிரிண்ட் வேலையெல்லாம் எனக்கே தருகிறாராம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் சொல்லிக்கொடுத்து என் தொண்டை வற்றிவிட்டது. ஜூனில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று நினைக்கும்போதே இனிக்கிறது.

மாதிரிக்கு ஒன்று வைத்திருக்கிறேன், உன் அம்மா தங்கம்மா அத்தை படம். வெயில் உச்சியில் எடுத்திருக்கிறாய், முகம் இருண்டு கிடந்தது. பேப்பரில் வெளிச்சம் விழும்போது முகத்துக்கு மேல் சின்ன அட்டையை ஆட்டிக் கொஞ்சம் மறைத்துக்கொண்டேன். மறைத்த இடம் அவ்வளவாகக் கறுக்காது. இப்போது முகம் தெளிச்சியாக இருக்கிறது. அத்தைக்குப் பிடிக்கும்.

உன்,
ஆஷ்லின்


பூதலூர்
9.10.2024

ஆஷ்லின்,

கண்காட்சிச் செய்தி படித்துத் தெருவில் ஒரு ஆட்டம் போட்டேன். அப்புறம் படத்தைப் பார்த்தேன். ஆட்டம் நின்றுவிட்டது.

என் அம்மாவை ஏன் வெளுத்தாய்? தெளிச்சி என்று நீ சொல்வதற்கு எங்கள் தெருவில் வேறு பெயர். தஞ்சாவூரில் உன் அப்பா ஜோசப்ராஜ் மாமா ஸ்டுடியோவில் கல்யாணப் பெண்ணுக்கெல்லாம் டச்சிங் பண்ணி மாநிறம் ஆக்குவாரே, அதே புத்தி உன் கைக்கும் வந்துவிட்டது. அவள் கறுப்பு. அந்தக் கறுப்பை வைத்துக்கொண்டுதான் இந்த மண்ணில் நின்றாள். அட்டையைத் தூக்கிப் பரணில் போடு.

கோபமாகத்தான் எழுதுகிறேன். கண்காட்சி நமக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். முகத்தில் கை வைக்காமல் எல்லாவற்றையும் திரும்பப் போடு.

எழில்


குன்னூர்
17.10.2024

எழில்,

அப்பாவை இழுத்திருக்க வேண்டாம். வலித்தது.

ஒவ்வொரு படத்திலும் இரண்டு பிரிண்ட் அனுப்பியிருக்கிறேன். ஒன்று முகத்தை மறைத்துப் போட்டது, இன்னொன்று நீ கேட்டபடி. நியாயம் பேச வந்தவளுக்கு ஒரே ஒரு கேள்வி. நான் அட்டையை ஆட்டியது குற்றம் என்றால், நீ பம்புசெட்டில் நிறுத்தி முகத்தைக் கழுவியது எந்தக் கணக்கு? என்னைப் போலவே நீயும் அவர்களைக் கேட்கவில்லை.

இரண்டையும் அவர்களிடமே காட்டு. எது வேண்டும் என்று சொல்லட்டும். அதையே போட்டுக் கேலரிக்கு அனுப்புகிறேன். நவம்பர் கடைசிக்குள் வேண்டும் என்கிறார் அந்த அம்மா.

ஆஷ்லின்


பூதலூர்
11.11.2024

என் அருமை ஆஷ்லின்,

மாமாவைப் பற்றி எழுதியதற்கு மன்னித்துக்கொள். அடுத்த தடவை தஞ்சாவூர் போகும்போது நேரில் போய்ப் பார்க்கிறேன்.

தாமதத்துக்குக் காரணம் சொல்கிறேன். படங்களை எங்கள் வீட்டு முற்றத்தில் பரப்பி வைத்துப் பெண்களைக் கூப்பிட்டேன். வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள். இது கறுப்பு, இது வெளுப்பு, எது பிடிச்சிருக்கு என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மா சொன்னாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா. ரெண்டுலயும் நான் கூலிக்குத்தான் போறேன்."

எனக்கு விளங்கவில்லை. மாரிக்கண்ணு அத்தைதான் எடுத்துச் சொன்னார். "வேலைக்குப் போற அன்னைக்கு எவடி பவுடர் போடுவா? சேத்துல நிக்கப்போற மூஞ்சிக்குப் பவுடர் எதுக்கு? வேலை இல்லாத அன்னைக்குத்தான் போடுறது. கல்யாணம் காச்சி, கோயிலு, ஆஸ்பத்திரின்னு. உங்கம்மாவோட சொந்த வயலுக்கு வாங்கன்னு நீ கூப்பிட்டே. சரி, ஒரு நாளாச்சும் அந்த வரப்புல குனியாம, பவுடர் போட்டுக்கிட்டு நிப்போம்னு வந்தோம். நீ கழுவச் சொல்லிச் சட்டையை மாட்டிவிட்டுட்டே."

அம்மா எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறத்துக்காக உன்னோடு மல்லுக்கு நின்றேனே, அவர்கள் வெளுக்கவே வரவில்லை, ஆஷ்லின். நின்று பார்க்க வந்தார்கள். சொந்த மகளே அவளைத் திரும்பவும் நடவுக்கு அனுப்பிவிட்டேன்.

திரும்ப எல்லோரையும் எடுத்துவிட்டேன், பிலிம் இந்தப் பார்சலில் இருக்கிறது. பயிர் இப்போது முழங்கால் உயரம். அவரவர் விரும்பிய சேலை, அவரவர் விரும்பிய பவுடர். மாரிக்கண்ணு அத்தைக்குத் தாடையோடு பவுடர் நின்று கோடு தெரியும். தெரியட்டும், தொடாதே. அம்மா குடையை மடக்கி வரப்பில் ஊன்றிக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. பழைய படங்களைக் கேலரிக்குக் கொடுக்காதே. இந்தப் படங்கள்தான் கண்காட்சிக்கு. வேண்டாம் என்றால் கண்காட்சியே வேண்டாம். 'சேற்று முகங்கள்' என்ற தலைப்பும் வேண்டாம். உன் ஜூன் மாதத்தை நான் என் கையால் கெடுக்கிறேன் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். பழைய நெகட்டிவ் எல்லாம் உன்னிடம் இருக்கிறது. என்னால் கேட்க மட்டும்தான் முடியும்.

என்றும் உன்,
எழில்


குன்னூர்
8.12.2024

எழில்,

ஸ்தோத்திரம். எல்லாம் நல்லபடியாக வந்து சேர்ந்தது. கழுவினேன், பிரிண்ட் போட்டேன், கேலரிக்கு அனுப்பினேன்.

அந்த அம்மா போனில் பேசினார். குரலில் தேன்தான். "கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும்மா, இதுல உழைப்பே தெரியலையே. பழசே போதும். நெகட்டிவ் உங்ககிட்டதானே இருக்கு? எழில்மொழிய நான் சமாதானம் பண்ணிக்கிறேன்" என்றார்.

உடனே மறுத்துவிட்டேன் என்று பெருமையாக எழுத ஆசை. யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். பழைய பிரிண்ட்டுகளை எடுத்துத் துடைத்து, அட்டை வைத்துக் கட்டியும் விட்டேன். உன்மேல் அவ்வளவு ஆத்திரம். நீ நியாயமாக இருப்பதற்கு நான் ஏன் எட்டாம் வகுப்பில் கிடந்து சாக வேண்டும் என்று தோன்றியது. கட்டிய பார்சலில் முகவரி எழுதப்போனேன். அனுப்புநர் என்று என் பெயரை எழுத வேண்டியிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் கூப்பிட்டு முடியாது என்று சொல்லிவிட்டேன். கண்காட்சி இல்லை. பிரிண்ட் வேலையும் இல்லை. ஜூனில் நான் இங்கேதான் இருப்பேன்.

பழைய நெகட்டிவ் எல்லாவற்றையும் இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வைத்துக்கொள்வதோ கொளுத்துவதோ, அவரவர் படத்தை அவரவர் கையில் கொடுத்துக் கேள். புதியவற்றைப் பொங்கலுக்கு உங்கள் தெருவிலேயே மாட்டு. தெருக்காரர்கள் பார்த்தபிறகு தஞ்சாவூரில் இடம் தேடுவோம். தேடினால் கிடைக்காமலா போகும்? படம் உன் பெயர், பிரிண்ட் என் பெயர். அதில் ஒரு எழுத்துகூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பொங்கலுக்கு நான் வரவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். டார்க் ரூமுக்குப் பள்ளியின் பழைய ஸ்டோர் ரூமைக் கொடுத்தவர் எங்கள் தலைமையாசிரியை. நேற்று ஏதோ சாவி தேடி உள்ளே வந்தார். தங்கம்மா அத்தை குடையோடு நிற்கும் பெரிய பிரிண்ட் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. உன் ஊர், உன் அம்மா, கூலி, நடவு எதுவுமே நான் அவரிடம் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாருங்க மிஸ் இது, அந்த நிலத்துக்காரம்மாவா?"

ஆமாங்க என்றேன்.

உன்,
ஆஷ்லின்