அடுக்கத்து வீட்டில் ஒருத்தி

ஜூலை 6, 2025, ஞாயிறு

முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஒரு லட்சம். வீட்டை விற்கிற கோகுல்ராஜ் நோட்டை எச்சில் தொட்டு எண்ணியது பிடிக்கவில்லை. வீடு பிடித்திருக்கிறது. கொடைக்கானலுக்குக் கீழே அடுக்கம் கிராமத்தில், சாலைக்கு மேலே, இரண்டு அறை, தகரக் கூரை, பின்னால் ஐந்தாறு பட்டர் ஃப்ரூட் மரம். கொடைக்கானல் அளவுக்குக் குளிர் இல்லை. என் முழங்காலுக்கு அதுதான் வேண்டும்.

கருவூலத்தில் வேலைக்குச் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம். மற்றவர்களின் ஓய்வூதியத்தைக் கணக்குப் பார்த்தே ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது. அறுபதுவரை இருந்தால் கையில் கூடுதலாக வரும், தெரியும். வந்து? இவருக்கும் வேனை வைத்துக்கொண்டு மலையில் ஏறி இறங்கி அலுத்துவிட்டது. நான் விருப்ப ஓய்வு வாங்குவது, பணிக்கொடையில் வீட்டுக்கு மீதியைக் கொடுப்பது, இவர் வேனை விற்றுக் கடனை அடைப்பது. பிறகு மாத ஓய்வூதியத்தில் சிக்கனமாக ஓட்டிவிடலாம். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். இடிக்கவில்லை.

எதிர் வீட்டு முருகம்மாள் பூண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “வந்துட்டீங்களாக்கா? எங்க போயிருந்தீங்க?” என்றாள். இவர் அப்போது கீழே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள் போல.

ஆகஸ்ட் 1, வெள்ளி

விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். மூன்று மாத அறிவிப்பு. அக்டோபர் 31 கடைசி நாள். கண்காணிப்பாளர் படித்துவிட்டு, “நல்லா யோசிச்சீங்களாம்மா?” என்றார். யோசித்தேன் என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவருக்கு சவாரி. நான் மட்டும் பஸ்ஸில் அடுக்கம் போனேன். அடுப்படிக்கு ஷெல்ஃப் அடிக்க அளவெடுக்க வேண்டியிருந்தது. சாவியைக் கோகுல்ராஜ் போன வாரமே கொடுத்துவிட்டான்.

முருகம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். “நேத்து சாயங்காலம் அம்புட்டு நேரம் கதவத் தட்டுனேனே, ஏன்க்கா தொறக்கல? உள்ளதான இருந்தீங்க.”

“நேத்தா? நேத்து நான் கொடைக்கானல்ல எங்க வீட்டுலதான இருந்தேன்.”

“விளையாடாதீங்க. குழாயடியில தண்ணி புடிச்சிட்டு உள்ள போனத நாந்தான பாத்தேன்.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

உள்ளே போனேன். போன தடவை பார்த்த மாதிரியேதான் இருந்தது. ஆனால் அடுப்படி மேடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. டம்ளருக்கு அடியில் ஈரம் காயவில்லை. நான் அளவெடுக்காமலேயே கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 11

கோகுல்ராஜுக்கு போன் போட்டேன். வத்தலக்குண்டு சந்தை இரைச்சலில் கத்தினான். “ஒரே சாவிதான் மேடம். அது உங்ககிட்டதான் இருக்கு. அங்க யாரு போகப் போறா?”

எவளோ பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறவள், பின்பக்க ஜன்னல் வழியாக நுழைகிறாள். வேறென்ன இருக்க முடியும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னல்களை எல்லாம் இழுத்துப் பார்த்தார். எல்லாக் கொக்கியும் துருப்பிடித்து இறுகிக் கிடக்கின்றன. “எலி கூட வர முடியாது, மேகலை” என்றார். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அந்தப் படி ஏறியதற்கே.

முருகம்மாள் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். “அவரு யாரு?”

“எங்க வீட்டுக்காரர்.”

அவள் முகம் போன போக்கு! கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நெத்தியில ஒண்ணும் இல்லாம, கழுத்துலயும் ஒண்ணும் இல்லாம ஒத்தையிலயே இருந்தீங்களா... நான் அப்படி நெனச்சிட்டேன்.”

“எப்ப பாத்தீங்க என்னை அப்படி?”

“எப்பவும் அப்படித்தான.”

இவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 25

பொட்டை அழிக்காமலேயே படுத்தேன். காலையில் எழுந்ததும் முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

செப்டம்பர் 2

ஓய்வூதிய ஆவணங்களை நானே தயார் செய்துகொண்டிருக்கிறேன். குடும்ப ஓய்வூதியம் பெறுபவர் என்ற இடத்தில் பொன்னுவேல் என்று இவர் பெயரை எழுதினேன். நான் போய் இவர் இருந்தால் இவருக்கு. அதை எழுதும்போது பயமே வரவில்லை. முருகம்மாள் நினைத்தது மாற்றி அல்லவா, இவர் போய் நான் இருப்பதாக.

செப்டம்பர் 11, வியாழன்

லீவு போட்டேன். இவரிடம் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு அடுக்கத்துக்குப் போனேன். இன்றைக்கு அவளைப் பிடித்துவிடுவது என்று. பயந்தால் அந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பது?

பஸ்ஸை விட்டு இறங்கும்போது பட்டப்பகல். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து, நான் படி ஏறுவதற்குள் வீடு பாதி மறைந்துவிட்டது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சத்தம் காட்டாமல் பக்கவாட்டு ஜன்னலுக்குப் போய் முகத்தை ஒட்டிப் பார்த்தேன்.

இருந்தாள்.

கட்டிலில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் எதையோ வைத்து உரித்துக்கொண்டிருந்தாள். பூண்டாக இருக்கும். தலைமுடி என்னுடையதைவிட நரைத்திருந்தது. ஆனால் அந்த முதுகை எனக்குத் தெரியும். வலது தோள் கொஞ்சம் இறங்கி, நான் உட்கார்கிற மாதிரியே. என் முதுகை நான் எப்போது பார்த்தேன்? ஆனாலும் தெரிந்தது.

இவருடைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். காப்பிக்கொட்டை நிறம், முழங்கையில் நான் நீல நூலால் தைத்த இடம். காலையில் அதை மாட்டிக்கொண்டுதான் இவர் வேனை எடுத்தார். நான்தான் காலரை மடித்துவிட்டேன்.

“யாரு?” என்றேன். குரல் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. உரிப்பது நின்றது. அவள் தலை மெதுவாக நிமிர்ந்தது. திரும்பவில்லை. திரும்பியிருந்தால்... ஐயோ முருகா.

ஓடிப்போய்ப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகினேன். கதவு திறந்தபோது ஒருவரும் இல்லை. கட்டில் மட்டும். தரையில் பூண்டுத் தோல்கூட இல்லை. ஆனால் அறை முழுக்க இவர் வாசனை. டீசல், மூக்குப்பொடி, தேங்காய் எண்ணெய்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. கருவூலத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். புருஷன் செத்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு வந்து நிற்பார்கள். நிறையப் பேர் புருஷனின் சட்டையை, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். குளிருக்கு என்பார்கள். குளிருக்கு இல்லை.

செப்டம்பர் 12

இவரைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். கியர் போட்டு முடித்தால் இடது தோளைத் தேய்க்கிறார். ஒரு மாடி ஏறினால் நிற்கிறார். எத்தனை நாளாக இப்படி? நான் கூட்டல் கழித்தலில் இருந்துவிட்டேன்.

“என்னங்க அது தோள்ல?”

“வாயு. மொச்சக்கொட்ட வேணாம்னு சொன்னா கேக்குறியா நீ?”

“ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“ஏ, போய் சோலியப் பாரு. எனக்கு என்ன கேடு?”

செப்டம்பர் 15

சண்டை. சோறு சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மலையில் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு. அந்த வளைவுகளில் ஒரு கணம் கை மரத்துப்போனால்?

செப்டம்பர் 17

பொய் சொன்னேன். இவருக்கு என் பேச்சைவிட அரசாணை மேல் மரியாதை அதிகம். “விருப்ப ஓய்வுன்னா வீட்டுக்காரருக்கும் இருதயப் பரிசோதனை ரிப்போர்ட் வைக்கணுங்க. இல்லாட்டி பணம் வராது” என்றேன்.

“புது ரூலா?”

“புது ரூல்.”

“கவர்மென்ட்டுக்கு வேற சோலி இல்ல” என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டையை இஸ்திரி போட்டார்.

செப்டம்பர் 22, திங்கள், மதுரை

மூன்று அடைப்பு. ஒன்று ஏறக்குறைய முழுசாக.

டாக்டர் சின்னப் பையன். படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “கொடைக்கானல்ல இருந்து வண்டிய யாரு ஓட்டிட்டு வந்தது?” இவர் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இன்னும் ஒரு மாசம் தாண்டியிருக்காது சார். உங்களை நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்” என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப ரூலு கீலு ஒண்ணும் இல்லையா?”

“இல்லங்க.”

என் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் வெளியிடத்தில் பிடித்ததே இல்லை.

செப்டம்பர் 25

நாளைக்கு ஆபரேஷன். காப்பீடு ஒரு பகுதிக்குத்தான். மீதிக்குச் சேமிப்பு முழுக்கப் போகும். அதற்கு மேல் மாத்திரை, வேன் தவணை, இவர் ஆறு மாசத்துக்கு வண்டி தொடக்கூடாது. அரைச் சம்பளமாக வரும் ஓய்வூதியத்தில் இது நடக்காது. ஒரு தடவை கூட்டினாலே தெரிகிறது.

கண்காணிப்பாளருக்கு போன் செய்தேன். “ஆர்டர் இன்னும் வரலம்மா. வந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது. வெரசா எழுதி அனுப்புங்க” என்றார். ஆஸ்பத்திரி கேன்டீன் மேஜையில் உட்கார்ந்தே எழுதினேன். விருப்ப ஓய்வு அறிவிப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

உடனே அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 26

முடிந்தது. மூச்சு விடுகிறார்.

அக்டோபர் 31, வெள்ளி

வழக்கம்போல ஆபீஸ் போனேன். வந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வீடு வேண்டாம் என்று சொல்லியாயிற்று; கோகுல்ராஜ் முன்பணத்தில் பாதியைத்தான் திருப்பித் தருவான் என்று நினைத்திருந்தேன். மனசு கேட்கவில்லை போல, முழுவதையும் அனுப்பியிருக்கிறான். நன்றி சொல்ல போன் செய்தேன். சாவியையும் கூரியரில் அனுப்பிவிட்டேன் என்றேன். “அவசரமே இல்ல மேடம். இனி பங்குனிக்கு மேலதான் ஆள் பாக்கணும். அதுவரைக்கும் பூட்டித்தான் கெடக்கும்” என்றான்.

அங்கே இன்னும் ஆள் நடமாட்டம் உண்டா என்று முருகம்மாளைக் கேட்கலாம் என ஒரு நினைப்பு. அவள் நம்பர் என்னிடம் இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

மதுரையில் மறுபரிசோதனை. இருதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். திரும்பும்போது வத்தலக்குண்டு சாலையில் மரம் விழுந்து வண்டியெல்லாம் நிற்கிறது என்று, வாடகைக் கார் டிரைவர் பெரியகுளம் வழியாகத் திருப்பினான். அடுக்கம் வழியாகத்தான் ஏறியாக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இவர் முன் சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்க அந்தப் பையனுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். “ஏலே, வளைவுல ஹாரன் அடி. செகண்ட்ல போ.” அடுக்கம் வந்ததும் அவர்தான் முதலில் பார்த்தார்.

“மேகலை, நம்ம பேசுன வீட்டுல ஆளு வந்துட்டாங்க போல. பொகை வருது.”

கூரைக்கு மேல் மெல்லிசாகப் புகை. மரங்களுக்கு நடுவே அவள் நின்றுகொண்டிருந்தாள். கீழே விழுந்திருந்த பட்டர் ஃப்ரூட்டைக் குனிந்து குனிந்து மடியில் பொறுக்கினாள். குனியும்போது ஒவ்வொரு தடவையும் முழங்காலில் கை ஊன்றினாள். பேச்சுக்குக்கூட ஒரு ஆள் கிடையாது அங்கே. வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். இந்தத் தடவை திரும்பினாள்.

நான் பார்க்கவில்லை. இவருடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த வளைவு தாண்டும்வரை. பயமாக இல்லை. அழுகைதான் வந்தது. அவளுக்கும் ஒரு பொன்னுவேல் இருந்திருப்பார். அவரிடம் புது ரூல் என்று பொய் சொல்லியாவது கூட்டிப்போக வேண்டும் என்று அவளை யாரும் எச்சரிக்கவில்லை.

“வாங்குனவங்களா இருக்கும்” என்றேன்.

“நல்ல எடம். நம்மளுக்குத்தான் குடுத்து வைக்கல” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ரசம் வேண்டும் என்றார். டாக்டர் சொன்ன அளவுக்குத்தான் உப்புப் போட்டேன். “இது ரசமா, வெந்நீரா?” என்று திட்டிக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.