அரக்குப் பட்டு சுற்றிய விளக்கு

டீச்சர்,

நேற்று மாலை பஸ் ஸ்டாண்டு பக்கத்து எலக்ட்ரிக் கடையில் என் கை தானாக ஒரு காரியம் செய்துவிட்டது. மகளுக்கு விளக்கு வாங்கப் போயிருந்தோம். கல்லூரியில் மலைக்குக் கூட்டிப்போகிறார்களாம். கூடாரம் போட்டுத் தங்கல். பேட்டரியில் எரிகிற, நல்ல வெளிச்சமான விளக்காகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரர் ஒன்றை எரியவிட்டு மேசைமேல் வைத்ததும், நான் முந்தானையை இழுத்து அதன் அடியில் விரித்தேன். விரித்து, குனிந்து, கரையைப் பார்த்தேன். மகள் என் முழங்கையை இடித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? நீங்கள் செய்ததைத்தான் செய்தேன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "எதுக்குங்க வேணும்? கரண்டு போனா வூட்டுக்கா, வெளிய எட்துகினு போறதுக்கா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். எனக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வயதுக்கு அப்புறமும் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

முதல் தடவை அது கேட்கப்பட்டபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். தொண்ணூறுகளின் நடுவில், நாம் இருவரும் ஒரே பெண்கள் பள்ளியில் இருந்த காலம். நீங்கள் சரித்திரம், நான் கணக்கு. வயதில் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் கடைசிவரை ஒருவரையொருவர் டீச்சர் என்றே கூப்பிட்டுக்கொண்டோம். சாரணியர் குழுவை நம் தலையில் கட்டிய வருடம், பிள்ளைகளை மலையடிவாரத்தில் முகாமுக்குக் கூட்டிப்போக முடிவானது. தலைமையாசிரியை, பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுத்தால் போதாதா, பேட்டரி விளக்கு எதற்கு என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் போகமுடியுமா என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள். கேட்ட விதத்தில் அவரே பேச்சை மாற்றிவிட்டார்.

பிறகு நாம் விளக்கு வாங்கப் போன கடையிலும் அப்படித்தான். எதற்கு என்று கேட்டவரிடம் நான் கரண்டு போனால் வைக்க என்று முணுமுணுத்தேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொண்ணுங்க ஒண்ணுக்குப் போவ வேணுங்க. நல்லா பளிச்சுனு இருக்கறதா குடுங்க" என்றீர்கள். அங்கே நின்ற இரண்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிமிடமே பஸ் ஏறிவிடலாம் போல இருந்தது எனக்கு.

நம் பள்ளி உள்ள ஊரில் பட்டு வாங்க வருகிற யாரும் கடை டியூப்லைட்டை நம்பமாட்டார்கள். புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நீங்கள் தறிக்காரர் வீட்டில் பிறந்து பட்டு வியாபாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். விளக்கையும் அப்படியே பார்த்தீர்கள். கடைக்காரரை உள் அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தச் சொல்லி, நீங்கள் கட்டியிருந்த அரக்குப் பட்டின் முந்தானையை விரித்து, ஒவ்வொரு விளக்காக அதன்மேல் பிடிக்கவைத்தீர்கள். மஞ்சள் பல்பு விளக்கில் அரக்கு கறுப்பாகத் தெரிந்தது. அடுத்ததில் கரை பச்சையா நீலமா என்று புரியவில்லை. மூன்றாவது, இரண்டு குட்டி டியூப் வைத்தது, பெரிய பேட்டரி கட்டை போடுவது. அதில் பச்சை பச்சையாக நின்றது, ஜரிகை கண்ணைப் பறித்தது. "இதான் டீச்சர். ஒரு இழ அறுந்திருந்தாக்கூட காட்டிக் குடுத்துடும்" என்றீர்கள்.

இவ்வளவு வெளிச்சம் வேண்டாமே என்று எனக்கு அப்போதே பட்டது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்காரர் எதிரிலேயே நின்றார். விழுங்கிவிட்டேன்.

முகாம் நடந்த மாந்தோப்பு சந்தவாசலைத் தாண்டி இருந்தது. என் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆசிரியர் அறையில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் "போளூர் பக்கம்" என்பேன். என் அம்மா ஊரார் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் போய் என்னைப் படிக்கவைத்தவள். நான் வேலைக்கு வந்த பிறகு ஓட்டு வீடு கட்டினோம். கழிப்பறை மட்டும் கட்டவில்லை. டவுனில் பிறந்த டீச்சர்கள் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னாலே ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பேன்.

தோப்பின் ஓரத்தில் நான்கு மூங்கில் நட்டு, பள்ளி நாடகத்துக்குக் கட்டும் வெள்ளைத் திரைத்துணியைச் சுற்றிக் கட்டினோம். உள்ளே தரையில் விளக்கை வைத்தோம். பொழுது சாய்ந்து நன்றாக இருட்டியதும் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு நின்றார்கள். யாரும் போகிறபாடில்லை. டீச்சர் முதலில் போனால் பயம் தெளியும் என்று நான் போனேன். உள்ளே பகல் மாதிரி இருந்தது. தேளோ பூரானோ இருந்தால் தெரியும், பரவாயில்லையே என்று உட்கார்ந்தேன்.

வெளியே பேச்சு நின்றது. பிறகு ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது.

நான் வெளியே வந்தபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி தாவணி முனையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அடுப்பண்டை இருந்த சமையல்காரர்கள் இருவரும் மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தேன். திரைக்குள்ளே விளக்கைச் சுற்றி ஒரு விட்டில் பறந்துகொண்டிருந்தது. அதன் நிழல் வெள்ளைத் துணியில் முறம் அகலத்துக்கு ஆடியது. விட்டிலே அந்த அகலம் என்றால் நான் எப்படித் தெரிந்திருப்பேன்? புடவையைத் தூக்கியது, உட்கார்ந்தது, எழுந்தது, எல்லாவற்றையும் தோப்பே பார்த்திருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது, டீச்சர். அந்த ஊரில் ஒளிந்து மறைந்து வளர்ந்த என் மானம் அந்த ஊர் எல்லையிலேயே போயிற்று.

நீங்கள் குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தீர்கள். கரண்டியை வைத்தீர்கள். கையைப் புடவையில் துடைத்தீர்கள். நேராகத் திரைக்குள் போனீர்கள். உங்கள் கொண்டையும் மூக்கும் துணியில் பெரிதாக வந்து நின்றன. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நீங்கள் இரண்டு கைகளையும் கோத்து ஒரு நாயைக் காட்டினீர்கள். காது விறைத்து, வாய் திறந்து மூடும் நாய். "வள் வள்" என்று குரலும் கொடுத்தீர்கள். அது உங்கள் மூக்கையே கடிக்க வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊருக்குத் திரும்பி அவர்கள் வீட்டில் சொன்னதெல்லாம் அந்த நாயைப் பற்றித்தான் இருக்கும் என்று இன்றுவரை நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒரு மரத்தின் பின்னால் போய் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் வந்து, வெளக்கு நான் பார்த்து வாங்கினது, தப்பு என்னோடது என்றீர்கள். அப்போதுதான் சொன்னேன். எங்கள் வூட்டில் கக்கூஸ் இல்லை, நாங்கள் பொழுது சாய்வதற்காகவே காத்திருப்போம், எங்களுக்கு இருட்டுதான் கதவு. ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும்போது போளூர் பஸ்ஸின் லைட் விழுந்தால் பெண்கள் எல்லோரும் விருட்டென்று எழுந்து நிற்போம். அது போனதும் மறுபடி உட்காருவோம். அடுத்து லாரி வரும். மறுபடி எழுந்து நிற்போம்.

நீங்கள் என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தீர்கள். பிறகு, "இத கடையிலயே சொல்லி இருக்கலாமே டீச்சர்" என்றீர்கள்.

"எப்படிங்க சொல்றது?" என்றேன்.

நீங்கள் எழுந்தீர்கள். போய் உங்கள் பெட்டியைத் திறந்து, கடைசி நாள் விழாவுக்கென்று கொண்டுவந்திருந்த அந்த அரக்குப் பட்டை எடுத்துவந்தீர்கள். விளக்கைத் திரைக்கு வெளியே எடுத்து, நடைவழியில் தரையோடு தரையாக வைத்து, பட்டை நாலாக மடித்துச் சுற்றினீர்கள். அடியில் மட்டும் ஒரு சாண் வெளிச்சம் கசிந்தது. நடக்கிறவளின் பாதம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. மண்ணில் போட்டுவிட்டீர்களே, பட்டாயிற்றே என்று நான் பதறினேன். பட்டு எத்தனை கல்யாணம்தான் பார்க்கும், ஒரு நாள் இங்கேயும் காவல் இருக்கட்டும் என்றீர்கள். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் போய்வந்தார்கள். சாயங்காலத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்த ஒரு பெண், வந்ததும் சொம்பு நிறையத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

அந்த விளக்கு பிறகு உங்கள் வீட்டில்தான் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, நீங்கள் படுக்கையோடு படுக்கையான வருடத்தில், கரண்டு தினமும் பொழுது சாயும் நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் உங்கள் மருமகள் கடைக்குப் போயிருந்தாள். நான் மட்டும் பக்கத்தில். உங்களுக்கு அவசரமாக இருந்தது. படுக்கையிலேயே போவதற்கான தட்டை எடுத்து வைத்துவிட்டு, கண் தெரியவேண்டுமே என்று அந்த விளக்கைப் போட்டு உயரத் தூக்கினேன். நீங்கள் சட்டென்று கையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். கடைக்காரர் முன்னாலும் தலைமையாசிரியை முன்னாலும் கூசாத நீங்கள், என் முன்னால் கூசினீர்கள். "கீழ எறக்குடி" என்றீர்கள். என்னை நீங்கள் 'டி' போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். கட்டிலுக்கு அடியில் விளக்கைத் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்கு இது முதலிலேயே தெரிந்திருக்கவேண்டும் அல்லவா? அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

கடைசிப் பயணத்துக்கு உங்களுக்கு அந்த அரக்குப் பட்டையே உடுத்திவிட்டார்கள். உள்மடிப்பில் ஒரு இடத்தில் தோப்பு மண்ணின் செம்மை லேசாக இருந்தது. என்ன கறை என்று உங்கள் நாத்தனார் கேட்டார். தெரியாது என்றேன்.

நேற்று கடைக்காரர் பதிலுக்குக் காத்திருந்தார். "பொண்ணுங்க ஒண்ணுக்குப் போறதுக்குங்க" என்றேன். உங்கள் மாதிரி வரவில்லை, குரல் உள்ளே இறங்கித்தான் வந்தது. மகள் வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். வெளிச்சத்தைக் குறைக்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் ஜாஸ்தியாகத்தான் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு, திருகினால் மங்குகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவள் பைக்குள் ஒரு கறுப்புத் துணியையும் வைத்தேன். எதற்கென்று கேட்டாள். திரைத்துணிக் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாவம், யாரும்மா அந்த டீச்சர்?" என்று கேட்டாள். உங்களிடம் தவிர யாரிடமும் நான் அதைப் பேசியதில்லை.

"நான்தான்" என்றேன். முகம் சுட்டது. அவள் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. அவள் அப்படிப் பார்ப்பது தாங்காமல், புது விளக்கைப் போட்டு, சுவருக்கு எதிரே இரண்டு கைகளையும் கோத்து அந்த நாயைக் காட்டப் பார்த்தேன். எனக்கு அது கைவரவில்லை, டீச்சர். காது மட்டும்தான் வந்தது.